மின் ரம்பத்திற்கு ஓர் உருள்வண்டி

அங்கத்தினர்களுக்கான தொழிற்பாடம்

தறி என்றவுடன் பிறருக்கு நூல் நினைவுக்கு வரும். தறியில் அமர்ந்து வேலை செய்பவருக்கோ மரமும் உடன் நினைவுக்கு வரும். படமரம், மிதிப்பலகை, நாடா ஓடும் பலகை, விழுதைத் தாங்கும் கோல் ஆகிய யாவும் மரமே. இவற்றுள் ஒன்று பிளந்தாலும் வளைந்தாலும் நெசவு நின்றுவிடும். தச்சர் வந்து சேரும் வரையில் பாவு காத்துக் கிடக்கும். கூலியும் காத்துக் கிடக்கும். பயிரிடுவோர் நிலையும் இதுவே. நாற்றுத் தட்டு, பழப்பெட்டி, பந்தற்கால், கொட்டகைக் கதவு என அவர்களுக்கும் ஆண்டு முழுவதும் மரவேலை உண்டு.

தனி ஒருவர் இதற்காக மின் ரம்பம் வாங்குதல் வீண் செலவு. பலர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவில் பயன்படுத்துதல் சிக்கனம். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். தனியே வாங்க இயலாததைக் கூடி வாங்கலாம் என்பதே அவர்கள் கண்ட வழி. அவ்வழி மாவுக்கும் வெண்ணெய்க்கும் பொருந்தியது போலவே கருவிகளுக்கும் பொருந்தும்.

ஆனால் பொதுக் கருவி என்றால் அது இடம் விட்டு இடம் நகர வேண்டும். பலர் கைக்கும் பாதுகாப்பாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் ஏற்றதோர் உருள்வண்டியை நாமே செய்துகொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

1. சக்கரம் எதற்கு?

"ரம்பத்தை ஓர் அறையில் நிலையாக நிறுத்திவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கக் கூடும். அதற்கு மூன்று விடைகள் உள்ளன.

முதலாவது, நெசவுக் கொட்டடியும் மரத்தூளும் ஒன்றுக்கொன்று பகை. தூள் பாவில் படிந்தால் கஞ்சியிட்ட நூலில் ஒட்டிக்கொள்ளும். சாயமிட்ட நூலைக் கெடுக்கும். கொட்டடியில் பறக்கும் பஞ்சுத் துகளோ மோட்டாரின் காற்றுத் துளைகளை அடைக்கும். ஒரு தீப்பொறி பட்டால் பற்றியும் எரியும். ஆதலால் மரம் அறுத்தல் கொட்டடிக்கு வெளியே, முற்றத்திலோ தாழ்வாரத்திலோ நடைபெற வேண்டும்.

இரண்டாவது, நூல் அறாமல் இருக்க நெசவிடத்தில் ஈரப்பதம் தேவை. குழித்தறி தரையில் தாழ்ந்து அமைந்ததன் பயன்களுள் அதுவும் ஒன்று. இரும்புக்கு அந்த ஈரமே கேடு. புதுச்சேரியில் கடற்காற்றின் உப்பும் அதனுடன் சேர்கிறது. ஆகவே ரம்பம் தங்குமிடம் தறி இருக்குமிடத்தினின்றும் வேறாக, உலர்ந்ததாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, மழை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்து மரங்களை வீழ்த்தியது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தபோது பெய்த பெருமழையில் வீடுகளிலும் தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. இத்தகைய நாளில் தரையில் நிலையாக நிறுத்திய இயந்திரம் நீரில் நிற்கும். சக்கரம் பூண்ட இயந்திரத்தை முன்னதாகவே மேட்டுக்கு உருட்டிச் செல்லலாம்.

தள்ளுவண்டி நம் ஊருக்குப் புதியதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 'பூஸ்பூஸ்' என்னும் வண்டி புதுச்சேரித் தெருக்களில் ஓடியதை முதியோர் அறிவர். அமர்ந்திருப்பவர் முன்னே கைப்பிடியைத் திருப்பி வழி காட்டுவார். ஆள் ஒருவர் பின்னின்று தள்ளுவார். அந்த வண்டி நமக்கு ஒரு பாடம் தருகிறது. தள்ளும் இடம் ஒன்று. திரும்பும் இடம் மற்றொன்று. இவ்விரண்டையும் எண்ணிப் பாராமல் அமைத்த வண்டி வளைவில் முரண்டும்.

2. இயந்திரத்தின் வலிமையை அறிதல்

வட்ட ரம்பத்திற்கு இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777இல் காப்புரிமை பெற்றார். கையில் எடுத்துச் செல்லும் மின் வட்ட ரம்பம் 1920களில் அமெரிக்காவில் எட்மண்ட் மிஷெல் என்பவரால் உருவாயிற்று. கரும்பு வெட்டும் கத்திக்கு மோட்டார் பூட்டிப் பார்த்ததிலிருந்து அவருக்கு அவ்வெண்ணம் பிறந்தது என்பர். பயிரிடுவோர் அறிந்து மகிழத்தக்க செய்தி இது.

இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது மேசை ரம்பம். இதில் மோட்டாரும் தகடும் மேசைக்குக் கீழே உள்ளன. தகட்டின் மேற்பகுதி மட்டும் மேசைப் பிளவின் வழியே மேலெழும். மரத்தையே நாம் தகட்டை நோக்கித் தள்ளுகிறோம்.

இதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தகட்டின் குறுக்களவு 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர். அதன் சுற்றளவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 4,500 சுற்று என்றால் விநாடிக்கு 75 சுற்று. ஆகவே ஒரு பல் விநாடிக்கு 60 மீட்டர் தூரம் ஓடுகிறது. மணிக்கு இது ஏறக்குறைய 215 கிலோமீட்டர்! தகடு மரத்தைப் பற்றி எறிந்தால் அம்மரமும் ஏறத்தாழ இவ்வேகத்தில் நம்மை நோக்கி வரக்கூடும்.

அமெரிக்காவில் மட்டும் மேசை ரம்பத்தால் காயமுற்று மருத்துவம் பெறுவோர் ஆண்டொன்றுக்கு 30,000க்கு மேற்பட்டோர் என அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டுள்ளது. காயங்களுள் பெரும்பாலானவை விரல்களிலும் கைகளிலும் நேர்பவை. நெசவாளருக்கு விரல் எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை. அறுந்த இழையைத் தொட்டறிந்து கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சிடுவது அந்த விரலே. ஓர் அங்குலம் விரல் போனால் பல ஆண்டுத் தேர்ச்சியும் அதனுடன் போய்விடும். ஆகவே வண்டியின் ஒவ்வோர் அளவிலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது ஆடாமல் நிற்குமா?" என்பதே.

3. வண்டியின் அமைப்பு

வண்டி இரு படிகளாக அமையும். முன்பாதி தாழ்ந்த படி. அதன்மேல் ரம்பம் அமரும். பின்பாதி உயர்ந்த படி. ரம்பத்தைக் கடந்து வரும் மரத்தை அது தாங்கும். பின்தாங்கல் இல்லாவிடில் அறுபட்ட நீண்ட பலகை பின்னே சாயும். அதைப் பிடிக்க வேலையாள் தகட்டின் மேல் எட்டிக் கை நீட்டுவார். பல விபத்துகள் இவ்விடத்திலேயே பிறக்கின்றன. உயர்ந்த பின்படி அந்த ஆசையையே இல்லாமற் செய்கிறது.

உயரத்தைக் கணிக்கும் முறை வருமாறு. வேலை செய்பவர் நேராக நின்று, இடுப்பெலும்பின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்கவும். பலருக்கு இது 34 அங்குலத்தை ஒட்டி வரும். நாம் 860 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். ரம்ப மேசையின் மேற்பரப்பு இவ்வுயரத்தில் நிற்க வேண்டும். ரம்பத்தின் சொந்த உயரம் 330 எனவும், 5 அங்குலச் சக்கரத்தின் மொத்த உயரம் 155 எனவும் கொள்வோம். அடிப்பலகை, படிப்பலகை ஆகிய இரண்டும் 18 வீதம் 36. மொத்தத்தினின்றும் இவற்றைக் கழித்தால் 860 − 330 − 155 − 36 = 339 மில்லிமீட்டர். இதுவே முன்பாதிப் பக்கப்பலகையின் உயரம்.

பின்படி ரம்ப மேசையைவிட 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் மரத்தின் முனை முட்டி நின்றுவிடும். ஆகவே 857 − 155 − 36 = 666 மில்லிமீட்டர். இது பின்பாதிப் பக்கப்பலகையின் உயரம்.

கடைக்குக் கடை சக்கரத்தின் உயரமும், இயந்திரத்துக்கு இயந்திரம் ரம்பத்தின் உயரமும் வேறுபடும். ஆதலால் இவ்விரண்டையும் முதலில் வாங்கி, அளந்து, மேற்சொன்ன கணக்கில் இட்ட பின்னரே பலகையில் கோடு போடுதல் வேண்டும்.

4. தேவையான பொருள்கள்

8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு தாள் வாங்கவும். ஈரம் தாங்கும் வகையாக, இந்தியத் தர எண் 710 முத்திரை பெற்றதாக இருத்தல் நலம். விலை சற்றுக் கூடினும் நம் ஊர்க் காற்றுக்கு அதுவே நிலைக்கும்.

மூலைகளுக்கு உள்ளே ஒட்டிவைக்க ஒன்றரை அங்குலச் சதுரச் சட்டம் வேண்டும். நன்கு உலர்ந்த வேம்பு போதும். சவுக்கு நம் வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது உலரும்போது வெடிக்கும், திருகாணியை ஏற்காது பிளக்கும். பந்தலுக்கும் சாரத்திற்கும் அதை விட்டுவிடுக.

5 அங்குல ரப்பர் அல்லது பாலியூரிதேன் சக்கரம் நான்கு தேவை. நான்கும் சுழல்வனவாகவும், பூட்டினால் உருளுதலும் சுழலுதலும் ஒருங்கே நிற்பனவாகவும் இருத்தல் வேண்டும். சுமைக் கணக்கு வருமாறு: வண்டி 65 கிலோ, ரம்பம் 30 கிலோ, மரமும் கருவிகளும் 55 கிலோ, ஆக 150 கிலோ. இதை நான்கால் வகுத்தல் தவறு. மேடு பள்ளமான தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க, மூன்றே சுமை தாங்கும். ஆதலால் மூன்றால் வகுத்து 50 கிலோ எனக் கொண்டு, தாங்குதிறன் 75 கிலோவுக்குக் குறையாத சக்கரத்தை வாங்கவும்.

இவையன்றி 8 மில்லிமீட்டர் போல்ட், நட்டு, வாஷர், 2 அங்குலத் திருகாணி, மரப்பசை, பின்னே பிடித்துத் தள்ள ஓர் அங்குலக் குழாய் ஆகியன வேண்டும். இரும்புப் பொருள் யாவும் துத்தநாகப் பூச்சுள்ளனவாக அல்லது துருவேறா எஃகாக இருக்கட்டும்.

5. பலகைகளை வெட்டுதல்

முதல் தாளின் நீளவாக்கில் 750 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று துண்டுகள் வரும். அடிப்பலகை 1200 நீளம். ரம்பம் அமரும் படி 650 நீளம். பின்படி 550 நீளம். மூன்றும் சேர்ந்து 2400. தாளின் நீளம் 2440 ஆதலால், ரம்பம் தின்னும் தடிப்புக்கும் இடம் உண்டு. எஞ்சும் நீண்ட பட்டையிலிருந்து முன்பாதியின் நடுவே நிற்கும் தாங்குபலகை ஒன்று, 650க்கு 339 அளவில் எடுக்கவும்.

இரண்டாம் தாளில் பக்கப்பலகைகள் இரண்டு. ஒவ்வொன்றும் படிக்கட்டின் வடிவம் உடையது. நீளம் 1200; பின்பக்கம் 550 நீளத்திற்கு உயரம் 666; முன்பக்கம் 650 நீளத்திற்கு உயரம் 339. ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகவும் பொருத்தி வரைந்தால் இரண்டும் 1200க்கு 1010 அளவுக்குள் அடங்கிவிடும். இச்சிறு யோசனையால் மூன்றாம் தாளின் செலவு மிச்சமாகிறது. எஞ்சிய பாதியில் 714க்கு 666 அளவுள்ள நடுச்சுவரும், 714க்கு 532 அளவுள்ள தட்டும் எடுக்கலாம். பக்கப்பலகை இரண்டின் தடிப்பாகிய 36ஐ 750இல் கழித்ததால் வந்தது 714 என்பதை நினைவில் கொள்க.

படிக்கட்டின் உள்மூலையை மின் ரம்பத்தால் முடிக்க முயலலாகாது. வட்டத் தகடு பலகையின் ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் மிகுதியாகவும் வெட்டும், மூலை வலுவிழக்கும். கடைசி மூன்று அங்குலத்தைக் கை ரம்பத்தால் அறுக்கவும். மேலும், வண்டி இல்லாதபோது இயந்திரத்தைத் தரையில் வைத்து இப்பலகைகளை வெட்டத் துணிய வேண்டா. நேர்வெட்டுகளை மரக்கடையிலேயே வெட்டித் தரச் செய்யலாம்.

6. பூட்டுதல்

(அ) அடிப்பலகையைக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளிச் சக்கரத் தகட்டை வைத்துத் துளையிடவும். அவ்விடத்தில் பலகையின் உட்புறம் எஞ்சிய பிளைவுட் துண்டு ஒன்றைப் பசையிட்டு ஒட்டி, இரண்டையும் ஊடுருவுமாறு போல்ட் பூட்டவும். திருகாணி மட்டும் போதாது; வாசற்படியில் மோதும் முதல் நாளிலேயே அது பிடுங்கிக்கொள்ளும்.

(ஆ) அடிப்பலகையை நிமிர்த்து. பக்கப்பலகைகளை விளிம்போடு விளிம்பாக நிறுத்தவும். பிளைவுட்டின் விளிம்பில் திருகாணி நன்கு பிடிக்காதாகையால், உள்மூலை எங்கும் வேப்பஞ்சட்டத்தைப் பசையிட்டு வைத்து, இருபுறமும் 6 அங்குலத்திற்கு ஒன்றாகத் திருகாணி இறுக்கவும். முதலில் சிறு துளையிட்டுப் பின்னர் முறுக்கினால் பலகை பிளக்காது.

(இ) நடுச்சுவரைப் பின்பாதியின் முன்விளிம்பில் நிறுத்தவும். வண்டி பக்கவாட்டில் ஆடாமல் காப்பது இச்சுவரே. மூலைமட்டத்தை வைத்துச் செங்கோணம் பார்க்கவும். மூலைக்கு மூலை குறுக்கே நாடா பிடித்து அளந்தால் இரு அளவும் ஒத்து வருதல் வேண்டும். ஒவ்வாவிடில் பசை காயுமுன்னரே சரி செய்க.

(ஈ) முன்பாதியில் நடுத்தாங்கியையும், பின்பாதியில் தட்டையும் பூட்டிய பின்னர், முன்படி பின்படி ஆகிய மேற்பலகைகளை இறுக்கவும். பின்னே கைப்பிடிக் குழாயைப் போல்ட்டால் பொருத்தவும். உப்புத்தாள் கொண்டு விளிம்புகளை மழுக்கி, எல்லாப் பக்கமும், குறிப்பாக அறுபட்ட விளிம்புகளில், இரு முறை வார்னிஷ் பூசவும். ஈரம் முதலில் புகுவது விளிம்பின் வழியாகவே.

(உ) ரம்பத்தைப் படிமேல் ஏற்றவும். அதன் பின்விளிம்புக்கும் நடுச்சுவருக்கும் இடையே 40 மில்லிமீட்டர் இடைவெளி விடவும். மரத்தை நேராக நடத்தும் சட்டம் தடையின்றி ஓட இது தேவை. நீண்ட நேர்ச்சட்டம் ஒன்றை ரம்ப மேசையிலிருந்து பின்படி வரை கிடத்தி, பின்படி 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதை உறுதி செய்த பின், ரம்பத்தின் கால்களை நான்கு போல்ட்டால் படியுடன் பிணைக்கவும். ரம்ப மேசையில் உள்ள இரு பள்ளக்கோடுகளுக்கு நேரே பின்படியிலும் 25 அகலம், 10 ஆழத்தில் பள்ளம் எடுத்தால், குறுக்கு வெட்டுக்கான கோணச்சட்டம் தடையின்றிச் சென்று வரும்.

(ஊ) ரம்பத்தின் பின்னே தூள் வெளிவரும் குழல் உண்டு. அதற்கு நேரே நடுச்சுவரில் 4 அங்குலத் துளையிட்டு, பின்னறையில் ஒரு பையைக் கட்டவும். நம் தறியில் நெய்த கெட்டித் துணியே அதற்கு உகந்தது. மரத்தூள் புற்றுநோய் விளைப்பது என உலக நல நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வகைப்படுத்தியது. ஆகவே பை இருப்பினும் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் இன்றியமையாதது.

7. மின்சாரம்

1,800 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். புறப்படும் கணத்தில் அதனினும் பன்மடங்கு இழுக்கும். ஆகவே வீட்டு விளக்குக்கான 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகலாகாது. 16 ஆம்பியர் இணைப்பே வேண்டும். நீட்டிப்புக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, மூன்று இழை உள்ளதாக இருக்கட்டும். அதைச் சுருளாக வைத்துப் பயன்படுத்தினால் சூடேறும். முழுவதும் விரித்தே இணைக்கவும்.

ஈர முற்றத்தில் வேலை செய்வதால், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு கட்டாயம் வேண்டும். எர்த் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்தல் வேண்டும்.

மின்தடை பற்றி ஒரு சொல். வேலை நடுவே மின்சாரம் நிற்கிறது. தகடும் நிற்கிறது. வேலையாள் சிக்கிய சிராயைக் கையால் எடுக்கிறார். அக்கணம் மின்சாரம் திரும்புகிறது! சாதாரணச் சுவிட்சு ஆயின் தகடு உடனே சுழலும். மின்சாரம் திரும்பினும் மறுபடி அழுத்தினாலன்றி ஓடாத சுவிட்சு உண்டு. இயந்திரத்தில் அது இல்லையேல், தனியே வாங்கி வண்டியின் முன்புறம், முழங்காலால் தட்டி நிறுத்தக்கூடிய உயரத்தில் பொருத்தவும். மின்தடை நேர்ந்தால் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே தகட்டருகே கை செல்ல வேண்டும்.

8. வண்டியை நிறுத்தும் முறை

நாம் மரத்தைத் தள்ளும் விசை முன்னிருந்து பின்னாகச் செல்கிறது. வண்டியும் அதே திசையில் உருள முயலும். ஆதலால் நான்கு சக்கரங்களையும் முதலில் குறுக்காகத் திருப்பி, அதன் பின் பூட்டவும். பூட்டு சற்றுத் தளர்ந்தாலும் சக்கரம் அத்திசையில் உருளாது. பின்னர் இரு கைகளாலும் வண்டியை அசைத்துப் பார்க்கவும். ஆடினால் தாழ்ந்த சக்கரத்தின் கீழ் ஆப்பு இடவும். சரிந்த தரையில் வேலை செய்யவே வேண்டா.

வண்டியை உருட்டும்போது தகட்டை மேசைக்குக் கீழே முழுவதும் இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, கம்பியைச் சுற்றி மாட்டிய பின்னரே தள்ள வேண்டும். வாசற்படியைக் கடக்க இருவர் வேண்டும்.

9. அறுப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

துண்டு, முந்தானை, தொங்கும் லுங்கி, தளர்ந்த கைச்சட்டை, வளையல் ஆகியவற்றுடன் ரம்பத்தை அணுகலாகாது. கையுறையும் ஆகாது, தகடு அதைப் பற்றிக் கையையே உள்ளிழுக்கும். கண்ணாடியும் காதடைப்பும் அணிக. வெறுங்காலில் நிற்க வேண்டா.

தகட்டின் பின்னே நிற்கும் மெல்லிய எஃகுத் தகட்டைக் கழற்றலாகாது. அறுபட்ட பிளவு மீண்டும் மூடித் தகட்டை நெரித்தால், பின்பக்கமாக மேலெழும் பற்கள் மரத்தைத் தூக்கி நம்மீது எறியும். அதைத் தடுப்பதே அவ்வெஃகுத் தகட்டின் பணி. மேல் மூடியையும் அகற்ற வேண்டா.

தகடு மரத்திற்கு மேலே கால் அங்குலத்திற்கு மேல் எழ வேண்டுவதில்லை. தகட்டுக்கு நேரே நில்லாமல் சற்று ஒதுங்கி நிற்கவும். கைக்கும் தகட்டுக்கும் 6 அங்குலம் குறையுமாயின் கையை விட்டுத் தள்ளுகோலை எடுக்கவும். வண்டியின் வலப்புறத்தில் ஓர் ஆணியடித்துத் தள்ளுகோலை அங்கேயே மாட்டி வைத்தால், தேடிப் பார்க்கச் சோம்பி வெறுங்கையால் தள்ளும் பழக்கம் ஏற்படாது.

விரல் பட்ட கணமே, ஏறத்தாழ ஐந்து மில்லி விநாடியில், தகட்டை நிறுத்தும் இயந்திரத்தை அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் உருவாக்கினார். விலை மிகுந்த அவ்வியந்திரம் நம் சங்கங்களுக்கு எட்டும் வரையில் நமக்குரிய காவல் கவனம் ஒன்றே.

களைத்த கை ரம்பத்தைத் தொடலாகாது. இது சிறு செய்தி அன்று. நம் ஊரில் உழைப்பின் நேரத்திற்கு எல்லை இனாமாகக் கிடைத்ததன்று. 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுச்சேரி சவானா ஆலையில் போராடிய தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியினர் சுட்டதில் 12 பேர் உயிர் துறந்தனர். அதன் பின்னரே, 1937இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அவ்வாறு பெற்ற எல்லையை நம் சொந்தக் கொட்டகையில் நாமே மீறுதல் தகாது. இரவு வேலை வேண்டா. கூலி அவசரத்திற்காக விரலைப் பணயம் வைக்க வேண்டா.

10. சங்கத்தின் பொறுப்பு

பொதுப் பொருளைப் பேணுதற்குப் பொது ஒழுங்கு வேண்டும். வண்டிக்கு ஒரு பூட்டும், பொறுப்பாளர் ஒருவரும், பதிவேடு ஒன்றும் இருக்கட்டும். பயன்படுத்துவோர் பெயர், நேரம், பணி, கண்ட குறை ஆகியன அதில் எழுதப்பட வேண்டும். பயிற்சி பெற்றுக் கையொப்பமிட்டவர்க்கே திறவுகோல் தருதல் முறை. தனியே ஒருவர் ரம்பம் ஓட்டலாகாது. அருகே மற்றொருவர் இருத்தல் வேண்டும். சிறுவரை அருகே விடலாகாது.

பயன்பாட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தேய்மான நிதியாக ஒதுக்கினால், தகடு மழுங்கும்போது கூர் ஏற்றவும் புதிது வாங்கவும் எவரிடமும் கை நீட்ட வேண்டா. மழுங்கிய தகடு மரத்தை எரிக்கும், நெரிக்கும், எறியும். அதை மாற்றத் தயங்குதல் சிக்கனம் ஆகாது. மாதம் ஒரு முறை போல்ட்டுகளை இறுக்கி, சக்கர அச்சில் எண்ணெய் இட்டு, மேசைமேல் மெழுகு பூசுக. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை செய்க.

புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த 'கினே' துணி ஒரு காலத்தில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகால் வரையில் சென்றது. 1898இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது. பெரிய ஆலைகள் வரும், போகும். கைத்தறியோ அதைப் பழுது பார்க்கும் கையுள்ள வரையில் நிற்கும். அக்கையைக் காத்துக்கொண்டே வேலையை எளிதாக்கும் கருவி எதுவாயினும், அதைக் கூடி வாங்கி, கூடிப் பேணுதல் கூட்டுறவாளர் கடமையாகும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு

1. உங்கள் இயந்திரத்தின் உயரம் 300, சக்கரத்தின் உயரம் 130, விரும்பும் மேசை உயரம் 850 மில்லிமீட்டர் ஆயின், முன், பின் பக்கப்பலகைகளின் உயரம் என்ன?

2. மொத்தச் சுமை 180 கிலோ ஆயின், ஒரு சக்கரத்தின் மீது எவ்வளவு சுமை விழும் எனக் கொள்ள வேண்டும்? நான்கால் வகுக்காதது ஏன்?

3. சக்கரங்களைக் குறுக்காகத் திருப்பிப் பூட்டுவதன் காரணம் யாது?

4. மின்தடை நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது எது?

5. நம் சங்கத்தில் ரம்ப வண்டிக்குப் பொறுப்பாளராகத் தக்கவர் யார்? அவருக்குப் பயிற்சி அளிக்கும் வழி யாது? அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்கவும்.